தறியை மாற்றுவதா, பாகத்தை மாற்றுவதா?

2018 பிப்ரவரி 1. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் கட்டாயம் என்ற விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த நாள். தேசியத் தகவலியல் மையம் அமைத்திருந்த தளம் அன்றைய கூட்டத்தைத் தாங்கவில்லை. பில் எடுக்க முடியாமல் வணிகர்கள் திணற, அன்றே அந்தக் கட்டாயத்தை அரசு தள்ளிவைத்தது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி, நாளொன்றுக்கு 75 லட்சம் பில்களைத் தாங்கும் ஏற்பாட்டோடு மறுபடி தொடங்கினார்கள். மாநிலத்துக்குள் நகரும் சரக்குக்கான பில்லை எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் கொண்டுவராமல் தவணை தவணையாகக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் முறை 2018 ஜூன் 2-ஆம் தேதி வந்தது.

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையில் விசைத்தறிச் சத்தத்தோடு வாழும் சோமனூருக்கு இது தொலைவில் நடந்த செய்தி அல்ல. இங்கே தறிகாரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுப்பார். தறிகாரர் காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுப்பார். துணி லாரியில் ஏற வேண்டுமென்றால் முதலில் எங்கோ ஓர் ஊரில் உள்ள சர்வர் பதில் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு அங்கே, மின் கணக்கு அங்கே, கூலிப் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் அங்கே. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைப்பதைக் கழித்துப் பில் போடுவதும் ஒரு தரவுத்தளம்தான். ஆடிட்டர் ஆபீசில் "சைட் சுத்துது" என்ற ஒரு வார்த்தை வந்தால், அன்றைய வேலை அடுத்த நாளுக்குப் போகிறது.

சர்வர் ஏன் சுத்துகிறது? பெரிய இயந்திரம் வாங்கினால் தீருமா, மென்பொருளைப் புதுப்பித்தால் தீருமா, தரவுத்தளத்தைச் சீர்செய்தால் தீருமா? ஆயிரம் பேர் கூடும் சிறிய இணையச் சமூகத்துக்கும், கோடிப் பேர் நுழையும் அரசுத் தளத்துக்கும் கேள்வி இதேதான். கடந்த இருபது ஆண்டு அனுபவம் ஒரு பக்கமாகவே சாய்கிறது: பணம் முதலில் போவது இயந்திரத்துக்கு, கோளாறு பெரும்பாலும் இருப்பது தரவுத்தளத்தில்.

இந்த வட்டாரத்துக்கு நன்கு தெரிந்த ஓர் ஒப்புமை உண்டு. 2017 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில், சாதாரணத் தறியைக் கழித்துவிடாமல் அதே இடத்தில் மேம்படுத்த மானியம் தந்தார்கள். பாவு நூல் அறுந்தால் தறி தானே நிற்கும் அமைப்பு, ஊடை தீர்வதை அறியும் அமைப்பு போன்ற பாகங்களைச் சேர்த்துப் பழைய தறியையே பாதி தானியங்கியாக்குவது அதன் நோக்கம். எல்லாத் தறிக்கும் அது மருந்தாகாது. சில தறிகளை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எந்தப் பாகம் தறியை நிறுத்துகிறது என்று பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். சர்வருக்கும் அப்படியே.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் நேரம் பிடிக்கும் வினவல்களைத் தனியே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பேட்டை இயக்கிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால், மொத்தச் சுமையில் பெரும்பங்கை நாலைந்து வினவல்கள் மட்டுமே தின்பது பல இடங்களில் தெரியவரும். ஒவ்வொன்றையும் தரவுத்தளம் எந்த வழியில் நிறைவேற்றுகிறது என்று கேட்டால் அதுவும் பதில் சொல்லும். இந்தப் பரிசோதனைக்குப் பணம் வேண்டாம், பொறுமை போதும். செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் கடைசியில் செய்கிறார்கள்.

பெரும்பாலும் குற்றவாளி, தேடலுக்கு வழிகாட்டும் சுட்டுப்பட்டியலான இண்டெக்ஸ் இல்லாமைதான். ஒரு கோடி வரிகள் உள்ள அட்டவணையில் ஒரு ஜிஎஸ்டி எண்ணைத் தேடும்போது இண்டெக்ஸ் இல்லையென்றால் ஒரு கோடி வரியையும் வாசித்தாக வேண்டும். இருந்தால், ஒரு பக்கத்துக்கு 300 சாவிகள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று அடுக்கில் 2.7 கோடி வரிகளை அடக்கிவிடலாம். மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை எவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கியும் ஈடுகட்ட முடியாது. அதற்காக எல்லாப் பத்திகளுக்கும் இண்டெக்ஸ் போடுவதும் தவறு. ஒவ்வொரு புதிய பதிவும் எல்லா இண்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டியிருப்பதால், வாசிப்பு வேகமாகி எழுத்து மந்தமாகிவிடும்.

அடுத்தது, ஒரே கேள்வியைப் பல துண்டாகக் கேட்பது. 50 தறிகாரர்களின் பட்டியலும் அவரவர் கூலி நிலுவையும் வேண்டும். பட்டியலை ஒரு முறை கேட்டுவிட்டு, ஒவ்வொருவரின் நிலுவையையும் தனித்தனியாகக் கேட்கும் நிரல் 51 முறை தரவுத்தளத்துக்குப் போய்வரும். இரண்டு அட்டவணைகளையும் இணைத்துக் கேட்டால் ஒரே முறை. சோதிக்கும்போது ஐந்து பெயர்கள்தான் இருக்கும் என்பதால் நிரலரின் கண்ணுக்கு இது தட்டுப்படாது. ஊரே நுழையும் நாளில் தட்டுப்படும்.

நினைவக ஒதுக்கீடும் அப்படிப்பட்டது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பகுதி, தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள இயல்பாக எடுத்துக்கொள்ளும் இடம் 128 எம்பி. 32 ஜிபி நினைவகத்தோடு சர்வர் வாங்கினாலும் அந்த ஒரு எண்ணை மாற்றாவிட்டால் தரவுத்தளம் வட்டையே மறுபடி மறுபடி நாடும். தரவுத்தளத்துக்கு மட்டுமான இயந்திரமென்றால் நினைவகத்தில் முக்கால் பங்கை அதற்கே விடலாம் என்பது பொது வழக்கம்.

இவையெல்லாம் பாகம் மாற்றும் வேலை. தறியையே மாற்ற வேண்டிய கட்டமும் வரும். மைஎஸ்க்யூஎல்லில் முன்பு இயல்பாக இருந்த மைஐசாம் என்ற சேமிப்பு முறை, ஒரு வரியைத் திருத்தவும் முழு அட்டவணையையே பூட்டும். ஒருவர் ஆண்டுக் கணக்கை அறிக்கையாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அட்டவணையைத் திருத்த வந்தவர்கள் காத்திருக்க வேண்டும். 2010-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து, வரியை மட்டும் பூட்டும் இன்னோடிபி இயல்பானது. மைஐசாமிலேயே தங்கிவிட்ட தளங்களில் எந்த இண்டெக்ஸும் இந்தப் பூட்டைத் திறக்காது. அங்கே சேமிப்பு முறையையே மாற்றியாக வேண்டும்.

இணையச் சமூகங்கள் இந்த நெருக்கடியைப் பெருநிறுவனங்களுக்கு முன்பே சந்தித்தன. கையில் பணம் குறைவு, கூட்டம் அதிகம். லைவ்ஜர்னல் என்ற அமெரிக்கச் சமூகத் தளத்தைத் தொடங்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக், தரவுத்தளம் திணறியபோது ஒரு வழி கண்டார். அடிக்கடி கேட்கப்படும் விடைகளைப் பல இயந்திரங்களின் நினைவகத்தில் பரப்பி வைத்துவிட்டால் தரவுத்தளத்தைத் தொடவே தேவையில்லை. 2003-இல் அவர் எழுதிய மெம்கேஷ்டை பின்னர் உலகின் பெருந்தளங்கள் பலவும் எடுத்துக்கொண்டன. நிரலாளர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2016 தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகளுக்கு 11 வலைச் சர்வர்களையும் 4 தரவுத்தளச் சர்வர்களையும் வைத்துக்கொண்டே பதில் சொன்னது. வினவல்களை ஒவ்வொன்றாகச் செதுக்கியதால் கிடைத்த சிக்கனம் அது.

தமிழ் வாசகருக்கு மிக அருகில் இருப்பது விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கென்று தனி மென்பொருள் இல்லை. ஆங்கிலம் உட்பட எல்லா மொழிகளும் ஓடும் மீடியாவிக்கிதான். அதன் அடித்தளத்தை விக்கிமீடியா அறக்கட்டளை பல முறை, தளத்தை மூடாமலேயே மாற்றியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பின், அதை முதலில் எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் வைடேனியஸ் தொடங்கிய மரியாடிபி கிளைக்கு 2013-இல் விக்கிமீடியா மாறியது. 2014 இறுதியில் பிஎச்பி நிரலை ஃபேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம் கொண்டு இயக்கத் தொடங்கினார்கள். அதுவரை செயலிச் சர்வர்களில் 50 விழுக்காடு அளவில் இருந்த சுமை 10 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. திருத்தத்தைச் சேமிக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. பின்னர் எச்எச்விஎம் பிஎச்பியோடு உறவை முறித்துக்கொள்ள, 2019-இல் பிஎச்பி 7-க்குத் திரும்பினார்கள். இயந்திரத்தைப் பெருக்காமல் மென்பொருளை மாற்றியே இவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு மேம்படுத்தலில் தனி ஆபத்து ஒன்று உண்டு. தமிழ்நாட்டு மென்பொருள் கடைகள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'சோமனூர்' நம் கண்ணுக்கு நான்கெழுத்து; கணினிக்கு ஏழு குறிகள், 21 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 பைட். ஆகவே தமிழ்ப் பெயர்ப் பத்தியின் இண்டெக்ஸ் மூன்று மடங்கு இடம் கேட்கும். பழைய இன்னோடிபி அமைப்பில் ஓர் இண்டெக்ஸ் சாவிக்கு 767 பைட் என்ற வரம்பு இருந்தது. குறிக்கு 3 பைட் வீதம் 255 குறிகள் அதற்குள் அடங்கும். எமோஜியும் வேண்டுமென்று குறிக்கு 4 பைட் ஒதுக்கும் முறைக்கு மாறியவர்கள் 191 குறிகளோடு நின்றார்கள். பாதி மேம்படுத்தலில் தரவுத்தளம் பிழை காட்டி நிற்பதற்கு இது அந்நாளில் வழக்கமான காரணம்.

அதைவிட மோசமானது எழுத்து சிதைவது. மைஎஸ்க்யூஎல் 8.0 வரும் 2018 வரை அதன் இயல்பான எழுத்துமுறை லத்தீன்-1. பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் யூடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன் என்ற பெயரில் உள்ளே போய், அதே பெயரில் வெளியே வந்துகொண்டிருந்தன. போவதும் வருவதும் ஒரே பொய்யைச் சொன்னதால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. மேம்படுத்தும் நாளில் புதிய மென்பொருள் அந்தப் பெயரை நம்பி 'மாற்றித்' தரும். ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரே இரவில் புரியாத குறிகளாகிவிடும். பத்தியை முதலில் வெறும் பைட் வகையாக்கி, அதன் பிறகு யூடிஎஃப்-8 என்று அறிவிப்பதே சரியான வழி. இந்த இரண்டு படிகளை அறியாமல் எத்தனையோ தமிழ்ச் சமூகங்களின் பழைய எழுத்து போயிருக்கும். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ, டிஸ்கி என்ற பழைய குறிமுறையில் இருந்த தன் நூல்களை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. அந்த மாற்றங்களால்தான் இன்று தமிழில் தேடவே முடிகிறது.

தேடலிலும் தமிழுக்கென்று சிக்கல் உண்டு. 'நூல்' என்று தேடுபவருக்கு நூலை, நூலுக்கு, நூலின் எல்லாம் வேண்டும்; ஆனால் விகுதி சேரும்போது புள்ளியே மறைந்துவிடுகிறது. நிரலர் இதற்குக் கண்ட எளிய வழி, முன்னும் பின்னும் எது வந்தாலும் சரி என்று தேடச் சொல்வது. முன்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொன்ன கணமே சாதாரண இண்டெக்ஸ் பயனற்றுப் போகிறது. முழு அட்டவணையும் வாசிக்கப்படுகிறது. இதோடு 'சோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் ஒரே தறிகாரரின் பெயர் இரண்டு கணக்காகிவிடும்.

அரசுத் தளங்களுக்கு வருவோம். ஜிஎஸ்டி தளத்தில் மாதம் தவறாமல் நெரிசல் ஏற்பட, 2020 மார்ச் 14 அன்று நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், தளத்தைக் கட்டிய இன்போசிஸின் நந்தன் நிலேகனி நேரில் வந்து விளக்க வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் 1.5 லட்சம் பேரைத் தாங்கிய அமைப்பை 3 லட்சம் பேரைத் தாங்குமளவு உயர்த்துவது என்று முடிவானது. அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், செலவில்லாத ஒரு மாற்றத்தை அரசு அறிவித்திருந்தது. எல்லாரும் 20-ஆம் தேதியே 3பி படிவம் தாக்கல் செய்வதற்குப் பதிலாக, 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களை மாநில வாரியாக 22, 24 என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டுக்கு 22 வந்தது. ரயில்வேயும் இரு வழியிலும் போனது. 2014 ஏப்ரலில் புதிய மென்பொருளால் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக்கியது. 2015 ஜூனில் தட்கல் முன்பதிவை ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று பிரித்தது. கூட்டத்தைப் பிரித்துவிடுவதும் தரவுத்தள மேம்பாடுதான். அதற்கு ஓர் அறிவிப்பு போதும்.

வருமான வரித் துறையின் கதை வேறு. 4,242 கோடி ரூபாய்த் திட்டத்தில் இன்போசிஸ் கட்டிய புதிய தளம் 2021 ஜூன் 7 அன்று பழையதன் இடத்தில் வந்தது. முதல் நாளிலிருந்தே கோளாறு. ஆகஸ்டில் இரண்டு நாள் தளமே கிடைக்காமல் போக, ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை அழைத்து விளக்கம் கேட்டார். கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. பழையதை ஓடவிட்டபடியே பகுதி பகுதியாகப் புதியதற்கு மாறியிருந்தால் இவ்வளவு பேர் அலைந்திருக்க மாட்டார்கள்.

ஒத்திகையின் அருமையை பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சொல்லும். 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் வாடிக்கையாளர்கள் அனைவரையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அமைப்புதான் சுமை தாங்கவில்லை. 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. 2022 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு.

பேக்கப் பற்றி கிட்லேப் நிறுவனத்தின் அனுபவத்தை மென்பொருள் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, சுமையால் தடுமாறிய தரவுத்தளத்தைச் சரிசெய்யும் அவசரத்தில், ஒரு பொறியாளர் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் எதுவும் உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. காரணம்தான் முக்கியம்: தரவுத்தளம் 9.6 பதிப்புக்கு உயர்ந்திருக்க, பேக்கப் எடுக்கும் கருவி 9.2-இலேயே நின்றுவிட்டது. பதிப்பு ஒத்துவராமல் பேக்கப் தினமும் தோல்வியடைய, அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்திருந்த பிரதியே காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. ஒரு பாகத்தை மட்டும் புதுப்பித்து அதைச் சார்ந்ததை மறந்ததன் விளைவு இது.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. கிட்ஹப் தன் 1,200-க்கும் மேற்பட்ட மைஎஸ்க்யூஎல் சர்வர்களை 5.7-இலிருந்து 8.0-க்கு உயர்த்த ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதலில் வாசிக்க மட்டும் பயன்படும் பிரதிகள், அவை நிலைத்த பின் எழுதும் சர்வர். எந்தக் கட்டத்திலும் பழைய பதிப்புக்குத் திரும்பும் கதவு திறந்தே இருந்தது. அந்த 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. பிஎச்பி 5.6-க்கு 2018 இறுதியிலும், சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கு 2024 ஜூன் 30-இலும் முடிந்துவிட்டது. இவற்றில் ஓடும் தளத்துக்கு நாளை ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைப்பு வராது. "ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குத் தொடணும்" என்ற வாதம் அந்தத் தேதிகளோடு காலாவதியாகிவிட்டது.

சோமனூர் வட்டாரத்தில் நூல் கடைக்கும் ஜவுளி உற்பத்தியாளருக்கும் தறிகாரர் சங்கத்துக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் கோவை, திருப்பூரில் உள்ள சிறு நிறுவனத்தார். நல்ல உழைப்பாளிகள். ஆனால் தளம் மந்தமானால் அவர்களிடமிருந்து முதலில் வரும் யோசனை பெரிய சர்வருக்கான விலைப்பட்டியலாகவே இருக்கிறது. ஐந்து நிதியாண்டுக் கூலிக் கணக்கு ஒரே அட்டவணையில் குவிந்திருந்தால், முடிந்த ஆண்டுகளைத் தனியே பிரித்து வைப்பதே அதைவிடப் பெரிய வேகத்தைத் தரும்.

ஆகவே விலைப்பட்டியலில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மெதுவான வினவல்களின் குறிப்பேடு எங்கே? கடைசி பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வருகின்றனவா என்று பார்த்தது எப்போது? புதிய பதிப்பு சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, மேம்படுத்தும் நாளை மாதத்தின் 20, 22-ஆம் தேதிகளை விட்டுத் தள்ளி, தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள்.